அண்ணன் கழற்றிப் போட்ட ஜனதா

போன மாதம் ஒரு காலை சைதாப்பேட்டை ஸ்டேஷன் படியை மூச்சு வாங்க ஏறினேன். என் வாட்ச்படி ரயில் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். பிளாட்பாரத்திலோ எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் நிதானமாக நின்றுகொண்டிருந்தன. ஒரே ராத்திரியில் வாட்ச் பதினெட்டு நிமிடம் முன்னால் ஓடியிருந்தது.

இது எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுத்தால் ஓடும் பழைய கைக்கடிகாரம். தினமும் இருபது விநாடி முன்னே பின்னே போகும். அதை நான் குறையாகவே நினைப்பதில்லை. நாளுக்கு 86,400 விநாடி, அதில் இருபது தவறினால் என்ன? சாம்பாருக்கு உப்பு போடுவதில் நான் இதைவிடப் பெரிய தப்பு செய்கிறேன். ஆனால் பதினெட்டு நிமிடம் என்றால் ஏதோ நோய்தான்.

சாயங்காலம் திருவல்லிக்கேணியில் பாய் கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, அவ்வளவுதான் கடை. பாய் வாட்சைத் திறக்கக்கூட இல்லை. ஒரு சின்ன திசைகாட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். முள் ஆட்டம் போட்டது.

“என்ன டீச்சர், ஸ்பீக்கர் மேல வச்சீங்களா?”

(நான் டீச்சர் இல்லை. கல்லூரி வேதியியல் துறையில் லேப் அசிஸ்டென்ட். இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.)

வைத்துத்தான் இருந்தேன். என் பையனின் புளூடூத் ஸ்பீக்கர் மேல், ராத்திரி முழுக்க. வாட்சுக்குள் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளப்பது பேலன்ஸ் சக்கரம். அதை ஆட்டிவைப்பது ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள். அந்தச் சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி, சக்கரம் வேகமாக ஆடும். பாய் காந்தத்தை இறக்கும் ஒரு நீலப் பெட்டியின் பட்டனை அமுக்கியபடி வாட்சை அதன் மேலிருந்து மெல்ல விலக்கினார். மறுபடி திசைகாட்டி. முள் அசையவில்லை. காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

இந்த வாட்சை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அதற்கு வரும் நோயைப் பார்க்க முடிகிறது. காரணம் சொன்னால் எனக்கே புரிகிறது. என் போன் மக்கர் செய்தால் கடைக்காரருக்கும் காரணம் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. “புதுசு எடுத்துடுங்க மேடம்” என்பதுதான் அங்கே வைத்தியம்.

1989-இல் அண்ணனுக்குக் கல்யாணம். மாமனார் வீட்டில் தங்க நிறத்தில், பேட்டரியில் ஓடும் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் போட்டார்கள். அன்று கழற்றிய ஜனதா மேஜை டிராயருக்குள் போனது. ஒரு வாரம் கழித்து நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். “ஆம்பள வாட்ச்சுடி” என்றாள் அம்மா. அந்தக் காலத்து லேடீஸ் வாட்ச் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், லேபில் விநாடி பார்க்க அது உதவாது. டயல் உள்மணிக்கட்டுப் பக்கம் இருக்கும்படி கட்டிக்கொள்வேன். திரவத்தை அளந்து விடும் பியூரெட்டைப் பிடித்திருக்கும்போது கையைத் திருப்பாமலே மணி தெரியும். அமிலம் தெறித்தாலும் கண்ணாடி தப்பிக்கும்.

டயலில் ‘ஜனதா’ என்று இந்தி எழுத்தில் இருக்கிறது. எனக்கு இந்தி தெரியாது. இந்த ஒரு சொல்லை மட்டும் வாசிப்பேன்.

அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அதற்குப் பின் வந்த இந்த மாடலில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. பதினேழு கல் என்று டயலில் போட்டிருக்கிறதே, அது நகைக்கல் இல்லை. உராய்வில் தேயாமல் இருக்க அச்சு சுழலும் இடங்களில் பதித்த செயற்கை மாணிக்கம். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் எண்ண முடியாது, ஆனால் தாளம் பிடிபடும்.

தேதி காட்டாது. அதுவும் நல்லதுதான். தேதி பார்க்கச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறது, ராகுகாலத்தோடு. உள்ளே ஒரு சக்கரம் குறைந்தால் பாய்க்கு ஒரு வேலை குறையும்.

காலையில் பால் பொங்குவதற்குள் சாவி கொடுத்துவிடுவேன். விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். மறந்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் நின்றுவிடும். சென்னை வியர்வையில் தோல் ஸ்ட்ராப் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை வைத்துத் தேய்ப்பேன். இதையெல்லாம் தொல்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போன் எல்லாம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை நேரம் சொன்னது இந்த ஜனதாதான். பேட்டரி வாட்சும் ஓடியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் ஒதுங்கியிருந்த மாடியில் யார் கையிலும் அது இல்லை. அடுத்த மாதம், 2016 ஜனவரியில், எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்த செய்தி வந்தது. அன்று கொஞ்சம் நேரம் டயலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பழைய எச்.எம்.டி.க்கு ஆன்லைனில் மவுசு. வாங்குவதாக இருந்தால் பளபளவென்று ஆரஞ்சு, பச்சை டயலில் வருவதை நம்பாதீர்கள். பெரும்பாலும் பழைய மெஷின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்தது. அழுக்கான டயலே மேல்.

அண்ணனும் விலையைப் பார்த்திருக்கிறார் போல. போன ஞாயிறு போன் செய்தார்.

“அந்த வாட்ச் என்னோடதுதானே, பேரனுக்குக் குடுக்கலாம்னு பார்க்கிறேன்.”

“தரேண்ணா. தினமும் காலையில சாவி கொடுப்பானா?”

“அது எல்லாமா... ஆட்டோமேட்டிக் இல்லையா அது?”

பாய் கடையில் ஆயில் போடக் கொடுத்திருக்கிறேன், வர நாளாகும் என்று சொல்லிவைத்தேன். பேசும்போது வாட்ச் என் கையில்தான் இருந்தது.