பாலைவனம் போகும் சக்கர நாற்காலி: சுங்கை சிப்புட் பட்டறை நாட்குறிப்பு

ஆகஸ்டு 11
புறப்பாடு தீபாவளிக்கு மறுவாரம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், சக்கர நாற்காலி ஏற லிஃப்ட் வைத்த மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, டெத் வேலி, சையன், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு என்று தேசியப் பூங்காக்களில் ஒரு சுற்று. கோடையில் டெத் வேலி 45 பாகை செல்சியஸைத் தாண்டும். அக்டோபர் கடைசி தோதான காலம், ஆனால் பிரைஸில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும்.

இன்று மோட்டார் சக்கர நாற்காலியை அளவு எடுத்தோம். அகலம் 65 செ.மீ., கால்தாங்கியோடு நீளம் 112, நாற்காலியும் ஆளும் சேர்ந்து 202 கிலோ. அமெரிக்காவில் பொது வாகன லிஃப்டுக்கான விதி: மேடை குறைந்தது 76க்கு 122 செ.மீ., தாங்குதிறன் 272 கிலோ. வாடகை வண்டியிலும் இதே அளவா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கூடவே ஒன்று: பக்கச்சுவர் வெளியே தள்ளும் வண்டியானால், சுவர் உள்ளே இருக்கும்போது நடைவழி எத்தனை அகலம்? பலர் விரித்த அளவை மட்டும் கேட்கிறார்கள். பாதி வழியில் சுவரை விரிக்காமல் நிறுத்தினால் கழிப்பறை வரை நாற்காலி போகாது.

ஆகஸ்டு 20
லிஃப்ட் அசையாவிட்டால் முதலில் பார்க்கிங் பிரேக்கைப் பாருங்கள். அதைப் போடாமல் பெரும்பாலான லிஃப்ட் வேலை செய்யாது. வண்டி பேட்டரி இறங்கினால் கையால் அடிக்கும் பம்ப் உண்டு. அதன் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும்போதே காட்டச் சொல்லி, ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சாய்ந்த தரையில் மேடையின் ஒரு முனை தொங்கும். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டமாக்கிய பிறகே இறக்கலாம். கதவுப் பக்கம் 3 மீட்டர் காலியாக இருக்கட்டும்.

ஓடும் வண்டியில் நாற்காலிக்கு நாலு பட்டை. முன்பட்டைகள் தரைக்கு 40 முதல் 60 பாகை சாய்வில், பின்பட்டைகள் 30 முதல் 45. இரும்புச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். கால்தாங்கியில் கட்டினால் ஒரு பிரேக்குக்கே கழன்றுவரும். கொக்கி மாட்டும் நாலு இடத்திலும் மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. ஆளுக்குத் தனி பெல்ட். நாற்காலியின் இடுப்பு வார் அதற்கு ஈடாகாது.

செப்டம்பர் 3
அங்கே கரண்ட் 120 வோல்ட். நாற்காலி சார்ஜரில் 100–240 என்று இருக்கிறது, பிளக் முனை மட்டும் மாற்றினால் போதும். அக்கா ரைஸ் குக்கரைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். வேண்டாம். 240 வோல்ட்டுக்குச் செய்த குக்கர் 120இல் கால்வாசி சக்தியில்தான் ஓடும். அரிசி ஊறும், வேகாது. அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

வண்டியை இரவு நிறுத்தும் முகாமில் கிடைக்கும் 30 ஆம்பியர் கரண்ட் இணைப்பில் மொத்தம் 3,600 வாட். ஏர்கோன், கெட்டில், மைக்ரோவேவ் மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும், நாற்காலி சார்ஜும் அதோடு நிற்கும். காலையில்தான் தெரியும். சார்ஜ் இரவில், அடுப்பு வேலை முடிந்த பிறகு.

செப்டம்பர் 16
டயர். அங்கே பாதையோரத்தில் கிடப்பது நம் நெருஞ்சி முள்ளேதான், அதே செடி. காற்று டயரை ஒரே நாளில் முடித்துவிடும். உள்ளே ரப்பர் நுரை அடைத்த டயர் போட்டோம். குலுக்கல் கூடும், பஞ்சர் இல்லை. முன்சக்கர பேரிங்குக்கு இங்கே மழைக்காகக் கிரீஸ் வழிய வழிய வைப்போம். அங்கே அது மணலைப் பிடித்து அரைக்கும். வெளியே வழிந்ததைத் துடைத்தாயிற்று.

செப்டம்பர் 29
நாற்காலியில் உட்காரும் காற்று மெத்தையைத்தான் யாரும் நினைப்பதில்லை. டெத் வேலியின் பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, பிரைஸ் 2,400 மீட்டருக்கு மேலே. ஏற ஏற மெத்தை உப்பிக் கல்லாகும். அங்கே காற்றைத் திறந்துவிட்டு அப்படியே கீழே இறங்கினால் மெத்தை சப்பி, எலும்பு அடித்தட்டில் முட்டும். புண் அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு முகாமிலும் ஆள் உட்கார்ந்த நிலையில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்: உட்காரும் எலும்புக்கும் தட்டுக்கும் நடுவே 1.5 முதல் 2.5 செ.மீ. இடைவெளி வேண்டும். கைப்பம்பு மெத்தை உறையிலேயே இருக்கட்டும்.

வெயில். தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் 6ஆம் எலும்புக்கு மேலே அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் தானாகத் தணியாது. இங்கே ஈரத்துணி போட்டால் ஈரமாகவே கிடக்கும், பயன் குறைவு. அந்த வறண்ட காற்றில் கழுத்துத் துணியும் தண்ணீர் தெளிப்பானும் நன்றாக வேலை செய்யும். அதே காற்று உடம்பு நீரையும் சத்தமில்லாமல் உறிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றில் போய் நிற்கும்.

அக்டோபர் 10
வழி. சையன்–மவுன்ட் கார்மல் சுரங்கத்தில் 2.39 மீட்டர் அகலமோ 3.45 மீட்டர் உயரமோ தாண்டிய வண்டி சாதாரணமாகப் போக முடியாது. இன்டர்ஸ்டேட் 15 வழியாகச் சுற்றுவதே மேல். சையனில் பாரஸ் பாதை முழுக்கத் தார். கிராண்ட் கேன்யன் ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வண்டிக்கு மூடியிருக்கும். இலவசப் பேருந்தில் சரிவுத்தட்டு உண்டு, 76க்கு 122 செ.மீ.க்குள் அடங்கும் நாற்காலிக்கு. நம்முடையது அடங்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான இலவசப் பூங்கா அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும், நம் ஓ.கே.யு. அட்டையை (மலேசிய மாற்றுத்திறனாளி அட்டை) காட்டி வாங்க முடியாது.

அக்டோபர் 18
கே.எல்.ஐ.ஏ.வில் (கோலாலம்பூர் விமான நிலையம்) விமானம் ஏற்றுவதற்கான கட்டு. பேட்டரி சிந்தாத ஜெல் வகை என்று விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தாயிற்று. ஜாய்ஸ்டிக் கழற்றிக் கைப்பையில், கேபிள் முனைக்கு பிளாஸ்டிக் மூடி. மெத்தை ஆளோடு விமானத்துக்குள். நாற்காலியைக் கையால் தள்ள மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் எங்கே என்று படத்தோடு ஆங்கிலத்தில் எழுதி, லேமினேட் செய்து முதுகுச்சாய்வில் கட்டியிருக்கிறோம். அது தெரியாவிட்டால் சுமப்பவர்கள் கைத்தாங்கியைப் பிடித்துத் தூக்குவார்கள், அதுதான் முதலில் உடையும். 5, 6 மி.மீ. அலன் சாவிகள் பெரிய பெட்டியில்.