ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்: சேர்வராயன் மலைக் குறிப்புகள்

நவம்பர் 11, 2024, திங்கள்

காப்பிப் பழம் சிவந்துவிட்டது. இனி பொங்கல் வரை நாகலூர்ப் பக்கம் பகலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரியின் ஜீப் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஏறிப் போனால் திரும்ப மாலையாகும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு வட்டாரத்து மலையூர்களில் பழங்குடிக் குழந்தைகள் படிப்பை விடாமல் இருக்க, குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் கேட்பதை அலுவலகங்கள் வரை கொண்டுபோவதுதான் என் வேலை. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர், கேரளத்துக்காரர்கள் இல்லை. தமிழ்தான் பேச்சு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்தார்களாம். மூத்தவர் இந்த மலையில் தங்க, மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தான், மூன்றரை லட்சத்துக்கு மேல்.

இன்று ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். சிவப்பு மை நிறைய. "சீசன் வந்தா பிள்ளைங்க பழம் பறிக்கப் போயிடுறாங்க" என்றுதான் கீழே சேலத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஊருக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு. வராத பெண்களில் ஒருத்தி வீட்டு வாசலில், ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூக்கு ஒழுகுகிற தம்பி, அவளுடைய பள்ளிச் சட்டையின் காலரைச் சப்பிக்கொண்டிருக்கிறான். சட்டை போட்டுக் கிளம்பத்தான் இருந்திருக்கிறாள். அம்மா ஏழு மணிக்குப் போயாயிற்று. அங்கன்வாடி திறக்க ஒன்பது. இவளுடைய பஸ் எட்டு மணிக்கு. சின்னவனை யாரிடம் விடுவது?

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தாலோ, அவர்களுக்கு ஆறு வயதுக்குக் கீழே இருபது குழந்தைகள் இருந்தாலோ எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கும் கூடம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் இந்த ஊர்ப் பெண்கள் ஒரே எஸ்டேட்டில் வேலை செய்வதில்லை. மேஸ்திரி இன்று ஒரு சின்னத் தோட்டத்துக்குப் பத்துப் பேர், நாளை இன்னொன்றுக்கு எட்டுப் பேர் என்று பிரித்து அனுப்புகிறார். எந்தத் தோட்டத்திலும் ஐம்பது சேராது. சட்டம் இவர்கள் வாசல் வரைக்கும் வருவதே இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கூட்டம் இரவு எட்டரைக்கு, மாரியம்மன் கோயில் திண்ணையில். பகலில் கூட்டம் போட்டால் வேலைக்குப் போகாத ஆண்கள் நான்கு பேர் வருவார்கள். சாப்பாடு முடிந்த பிறகு வைத்தால்தான் பெண்கள் வர முடியும்.

ஒரு பாட்டி முதல் கேள்வியைக் கேட்டார். "மறுபடியும் கணக்கெடுப்பா கண்ணு? போன வாட்டி எழுதிட்டுப் போனது என்னாச்சு?"

நியாயமான கேள்வி. வீடு வீடாக எழுதிக்கொண்டு போகிறவர்கள் யாரும் எழுதியதை அந்த ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து காட்டுவதில்லை. நான் போன முறை எடுத்த பிள்ளைகள் பட்டியலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், சத்தமாகப் படித்தேன். படிக்கப் படிக்கத் திருத்தம் வந்தது. அந்தப் பையன் இப்போது மாமா வீட்டில், இந்தப் பிள்ளை பிறந்ததே பட்டியலில் இல்லை, அவளுக்கு வயசு பதினொன்று இல்லை பன்னிரண்டு. ஒரு மணி நேரத்தில் பட்டியல் ஊருடையதாகிவிட்டது.

பட்டியலில் கையெழுத்து என்றதும் மட்டும் எல்லோரும் பின்வாங்கினார்கள். பாட்டியின் மகளைத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கம் கொடுத்திருக்கிறது. வாச்சாத்தி அங்கிருந்து பக்கம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்த ஊர். அவர்களும் இதே மலையாளி மக்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 269 பேர் மீது வழக்கு; 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தொரு வருஷம். காக்கிச் சட்டையையும் ஃபைலையும் பார்த்து ஒரு தலைமுறையே பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. "இவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல" என்று பயிற்சி வகுப்புகளில் யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். இவர்கள் விழிப்பாக இருப்பதால்தான் கையெழுத்துப் போட யோசிக்கிறார்கள்.

அதனால் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, ஒரு நகலை ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டில் வைத்துவிட்டு, அப்புறம்தான் கைநாட்டு.

எழுந்து போகும்போதுதான் விஷயமே வந்தது. டியூஷன் வேண்டுமா, நோட்டுப் புத்தகம் வேண்டுமா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுவரில் சாய்ந்து நின்ற ஒரு அம்மா, "காலைல ரெண்டு மணி நேரம் சின்னதுகளைப் பாத்துக்க ஆள் இருந்தாப் போதும் அக்கா, பெருசுங்க தானாப் போகும்" என்றார்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கரையேறியது. தண்ணீரை எங்கள் மேல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. நான் சேலத்தில் மாட்டிக்கொண்டேன். பாட்டியின் பேரன் போனில் சொன்னது: எல்லோரும் பத்திரம், இரண்டு வீட்டுச் சுவர் இறங்கிவிட்டது, அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில். உதிர்ந்த பழமெல்லாம் சேற்றில். கூலி எத்தனை நாள் போகுமோ.

டிசம்பர் 12, வியாழன்

சாதிச் சான்றிதழ் வேலை. உறைவிடப் பள்ளிக்கு விண்ணப்பிக்க, பட்டியலில் வயசு திருத்திய அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். மற்ற சான்றிதழ்கள் தாசில்தாரோடு முடியும். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். இ-சேவையில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறும். நடுவில் விசாரணைக்கு வரச் சொன்னால் கூலி போகும், பஸ் காசு போகும்.

இந்த வீட்டில் அப்பாவுக்கே சான்றிதழ் இல்லை, அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. தாத்தா பெயரில் பழைய பட்டா ஒன்று, அத்தையின் டி.சி. ஒன்று, தகரப் பெட்டியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார்கள். டி.சி.யில் சமூகம் சரியாக இருக்கிறது. அதுதான் பிடி. அத்தையையே விசாரணைக்கு அழைத்துப் போகலாம் என்று ஊர் முடிவு செய்தது. எனக்கு அது தோன்றியிருக்காது.

பழங்குடிப் பட்டியலில் மலையாளிகளின் பெயரோடு சேர்த்து மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. ஈரோடு அதில் இல்லை. பர்கூர் மலையில் இருக்கிற இதே மக்கள், இதே தெய்வம் கும்பிடுகிறவர்கள், சான்றிதழுக்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மாவட்ட எல்லைக் கோடு ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு முடியப் போகிறது. பொங்கல் கழிந்ததும் சில குடும்பங்கள் குடகுக்குக் கிளம்பும், காப்பிக்கும் அதன் பிறகு மிளகுக்கும். மார்ச் வரை அங்கேதான். அட்வான்ஸ் வாங்கியாயிற்று, போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கேள்வி பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதுதான். இன்றிரவு திண்ணையில் வீடு வீடாகப் பேசித் தீர்த்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில், அரிசி யார் தருவது, காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன். பெண் பிள்ளைகள் பாட்டி இருக்கிற வீட்டில் மட்டும் என்று பெண்களே உறுதியாகச் சொன்னார்கள். நான் பேசவே இல்லை, எழுதிக்கொண்டேன். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போகும். விட்டுப் போக ஆள் கிடையாது. அந்த எஸ்டேட் எது, பக்கத்தில் பள்ளி எது என்று கேட்டு வைத்திருக்கிறேன். கன்னடப் பள்ளியாக இருக்கும். மூன்று மாதத்துக்கு அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்து என்ன செய்யும்?

ஜனவரி 15, 2025, புதன்

மாட்டுப் பொங்கல். எருதாட்டம் பார்க்க வரச் சொன்னார்கள், போனேன். சாமைச் சோறு, அவரைக் குழம்பு. நோட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

ஊர்த் தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். தலைவி அந்தச் சுவரில் சாய்ந்து நின்ற அம்மாதான். முதல் முறையாகத் தானே எழுந்து தீர்மானத்தைச் சொன்னார்.

பழைய சத்துணவுக் கொட்டகையைப் பொங்கலுக்கு முன்பே சுத்தம் பண்ணிவிட்டார்கள். தரையில் தார்ப்பாய், மேலே கோரைப்பாய், வாசலில் மரச்சட்டத் தடுப்பு. காலை ஆறரையிலிருந்து அங்கன்வாடி திறக்கும்வரை இரண்டு பாட்டிகள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வாரக் கணக்கில் அவர்களுக்குப் பணம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு இருப்பதால் அவர்களும் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள், ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதில் பங்கில்லை. பாட்டிகள் ராகிக் கூழ் காய்ச்சுகிறார்கள். அந்த ராகிக்கு வழி செய்ய வேண்டும் என்பது தீர்மானத்தில் ஒன்று. இன்னொன்று, ஐந்தாம் வகுப்பு முடித்து வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு வண்டி. தொலைதூரக் குடியிருப்புகளுக்கு எட்டாம் வகுப்பு வரை போக்குவரத்து வசதி செய்து தர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

தம்பியை இடுப்பில் வைத்திருந்த பெண் பொங்கலிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் சான்றிதழ் இன்னும் தாசில்தார் அலுவலகத்தில். குடகு போன பிள்ளைகள் பற்றி ஒரு தகவலும் இல்லை, போன் எடுக்கவில்லை. நாளை மேஸ்திரி வழியாக முயற்சி செய்கிறேன்.

மனுவை எடுத்துக்கொண்டு தலைவியும் நானும் செவ்வாய்க்கிழமை வட்டார அலுவலகம் போகிறோம். அன்றைக்கு அவருக்கு மிளகு எடுக்கிற கூலி போய்விடும். அதைக் குழுவில் எல்லோரும் பங்கு போட்டுக் கொடுப்பது என்று கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.