பெரியப்பாவின் லேப்டாப்புக்கு வை-ஃபை

பெரியப்பாவுக்கு ஃபோனில் எழுதப் பிடிக்காது. "ஒரு எழுத்தைத் தொட்டா பக்கத்து எழுத்து விழுது" என்பது அவருடைய நிரந்தரப் புகார். டைப்ரைட்டிங் முறையாகக் கற்ற கை அது. தட்டினால் சத்தம் வர வேண்டும். அதனால் தன் வாழ்க்கைக் குறிப்புகளைப் பல வருஷமாக ஒரே லேப்டாப்பில்தான் எழுதி வருகிறார். சாவிகளில் பாதி எழுத்து தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அவர் குனிந்து பார்த்து அடிக்கிற ஆள் இல்லை என்பதால் அதில் அவருக்குக் கவலையில்லை. வேறு யாரும் தொட மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் தங்க வந்தவர் அதையும் கொண்டுவந்திருந்தார். பையைத் தூக்கிப் பார்த்த என் மகள், "தாத்தா, உள்ள எத்தனை லேப்டாப் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

வந்த வேலை இதுதான்: எழுதி முடித்த அத்தியாயங்களைத் தன் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, மெயிலில் அனுப்ப வேண்டும்.

"பென் டிரைவ்ல குடுங்க பெரியப்பா, என் லேப்டாப்பிலேருந்து அனுப்பிடறேன்."

"நாளைக்கு நீ ஆபீஸ் போயிட்டா அடுத்த அத்தியாயத்தை யார் அனுப்புவா? இதுலயே வை-ஃபை போட்டுக் குடுடா."

நியாயம்தான். சரி, ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் சொருகிவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்றேன். "வயரெல்லாம் வேண்டாம், தடுக்கி விழுந்துடுவேன்" என்றார். அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜர் சுவரில் சொருகியிருந்தால்தான் திரைக்கு உயிர். அந்தச் சார்ஜர் வயர் அப்போது அறையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்களிடம் எல்லாவற்றையும் சுட்டிக்காட்ட முடியாது.

லேப்டாப்பைப் போட்டோம். விசிறி மாவு மில் கணக்காகச் சத்தம் போட்டது. கொஞ்சம் யோசித்த பிறகு விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது. 2001-இல் வெளியான சமாச்சாரம். 2014 ஏப்ரலோடு அதற்கான பராமரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். பெரியப்பாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

வை-ஃபை விளக்கு எரியவில்லை. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் வை-ஃபைக்கென்றே தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், முன்பக்க விளிம்பிலோ பக்கவாட்டிலோ. மென்பொருளில் என்ன செய்தாலும் அந்த ஸ்விட்ச் அணைந்திருந்தால் ஒன்றும் நடக்காது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

"இது என்ன பெரியப்பா?"

"அதுவா, மடியில வெச்சா சட்டை பட்டு நகர்ந்துண்டே இருந்தது. அதான் நகராம ஒட்டிட்டேன்."

நகராமல்தான் இருந்தது, 'ஆஃப்' பக்கத்தில். நகத்தால் சுரண்டிப் பிரித்தபோது டேப் போய் அதன் பசை மட்டும் தங்கிவிட்டது. ஸ்விட்சைத் தள்ளினால் நகர்ந்து, ஒரு கணம் நின்று, பசையின் இழுப்பில் திரும்ப வந்தது. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகுதான் நீல விளக்கு எரிந்தது. பெரியப்பா முகத்திலும்.

அப்புறம் நெட்வொர்க் பட்டியல் வந்தது. மேல்வீடு தெரிந்தது, எதிர்வீடு தெரிந்தது, யாரென்றே தெரியாத ஒருவருடைய பிரின்டர்கூடத் தெரிந்தது. பக்கத்து அறையில் இருக்கும் எங்கள் ரூட்டர் மட்டும் தெரியவில்லை. என் ஃபோனில் அதே இடத்தில் முழுக் கோடு காட்டியது.

"இதுல ஒண்ணுமில்லடா. ஊர்ல இருக்கறதெல்லாம் தெரியுதே. உன் பெட்டியிலதான் கோளாறு."

இந்த இடத்தில் நிறையப் பேர் லேப்டாப்பைத் திட்டிவிட்டு மூடிவிடுவார்கள். நானும் முதலில் 5 கிகாஹெர்ட்ஸ் பிரச்சினை, அதாவது இந்த லேப்டாப்புக்குக் கேட்காத அலைவரிசையில் ரூட்டர் பேசுகிறது என்றுதான் நினைத்தேன். லேப்டாப்புக்குள் இருந்த வை-ஃபை கார்டு 802.11ஜி வகை, 2003-இல் வந்த தரம், 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் கேட்கும். ஆனால் எங்கள் ரூட்டர் இரண்டிலும் ஒரே பெயரில்தான் ஒலிபரப்புகிறது. அப்படியானால் 2.4 தெரிந்தாக வேண்டுமே? ஃபோனிலிருந்து 192.168.1.1 போட்டு ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடம், 'ஆட்டோ'. ரூட்டர் தானாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருந்தது 13-ஆம் சேனலில்.

"பெரியப்பா, இந்த லேப்டாப் எங்க வாங்கினது?"

"உங்க அண்ணன் அமெரிக்காவிலேருந்து வரும்போது கொண்டுவந்தான்."

விஷயம் அங்கேதான் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 11. அந்தச் சந்தைக்கென்று செய்த பழைய கார்டுகள் பலவும் 12, 13 பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தக் கார்டைப் பொறுத்தவரை எங்கள் ரூட்டர் பிறக்கவே இல்லை.

சேனலை 6-க்கு மாற்றிச் சேமித்தேன். சேமித்தால் ரூட்டர் ஒரு தடவை வை-ஃபையை அணைத்துப் போடும். உள்ளறையிலிருந்து "அப்பா, நெட் போச்சு!" என்று ஒரு குரல். இன்னொரு அறையிலிருந்து மீட்டிங்கில் இருந்த மனைவியின் குரல் வரவில்லை. கதவு மட்டும் திறந்து, ஒரு பார்வை வந்து, மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் அந்தப் பார்வை பலமுறை வந்தது.

எங்கள் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. "நான் சொன்னேனா இல்லையா?" என்றார் பெரியப்பா. மறுக்க வழியில்லை. லேப்டாப்பில் நான் எதையும் மாற்றவில்லை, பெட்டியில்தான் மாற்றியிருந்தேன்.

கடவுச்சொல் கேட்டது. எக்ஸ்பி அதை இரண்டு தடவை கேட்கும், இரண்டு தடவையும் புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். அடித்தது சரியா என்று பார்க்க வழியே இல்லை. எங்கள் கடவுச்சொல்லை வைத்தவள் மகள். ஒரு முழு வாக்கியம். இரண்டு தடவை அடித்து முடித்தபோது ஒரு செய்தி வந்தது. கடவுச்சொல் 5 எழுத்தாகவோ 13 எழுத்தாகவோ இருக்க வேண்டுமாம். பதினறும எண் என்றால் 10 அல்லது 26.

இந்தச் செய்தியைப் பார்த்துப் பலர் கடவுச்சொல்லைத்தான் மாற்றப் போவார்கள். உண்மையில் அது சொல்வது வேறு. 5, 13 என்பது வெப் (WEP) என்ற பழைய வை-ஃபை பூட்டின் கணக்கு. எங்கள் ரூட்டரில் இருப்பது அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ2-வும் 3-உம். 2004-இல் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்போடு நின்றுவிட்ட இந்த எக்ஸ்பிக்கு டபிள்யூபிஏ2 என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ பூட்டு தொங்குகிறது என்பது மட்டும் தெரியும். தனக்குத் தெரிந்த பழைய பூட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சாவியின் நீளத்தைக் குறை சொல்கிறது.

அந்த நேரம் பார்த்து மச்சான் ஃபோன் பண்ணினான். விஷயத்தைக் கேட்டதும், "அவ்வளவுதானே, ரூட்டரை வெப்புக்கு மாத்திடுங்க மாமா, டக்குனு கனெக்ட் ஆயிடும்" என்றான். ஆகும்தான். 2001-இலேயே ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூன்று பேர் அந்தப் பூட்டின் ஓட்டையை எழுதி வெளியிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அதை மாட்டுவதும் கதவைச் சாத்தாமல் தூங்குவதும் ஒன்றுதான். பெரியப்பாவின் ஒரு லேப்டாப்புக்காக வீட்டில் இருக்கும் எல்லாருடைய ஃபோனையும் திறந்துவிட முடியாது. மச்சானிடம் "பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அவன் யோசனைகளுக்கெல்லாம் எங்கள் வீட்டில் அதுதான் பதில்.

சரியான வழி சர்வீஸ் பேக் 3. 2008-இல் வந்தது, டபிள்யூபிஏ2 அதிலேயே உண்டு. இந்தக் காலத்தில் அதை எங்கே தேடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு சிடி. அதில் ஒன்று கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. மேலே அவர் கையெழுத்தில்: "எக்ஸ்பி ச.பே. 3. போடவில்லை. அவசரமில்லை."

சிடி டிரைவின் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஏதோ முனகியது, கதவு திறக்கவில்லை. அதற்கும் பெரியப்பாவிடம் ஒரு நிமிர்த்திய ஜெம் கிளிப் தயாராக இருந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசித் துளையில் அதைச் செருகி, பல் மருத்துவர் நிதானத்தோடு தட்டை வெளியே எடுத்தார்.

நிறுவல் ஓடியது. பட்டை நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகம். அந்த இடைவெளியைப் பெரியப்பா வீணாக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தை வாய்மொழியாகவே சொல்லிவிட்டார். சின்ன வயதில் தங்கை கிணற்றில் விழுந்ததும், இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் குதித்து முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்ததும். மகள் வாயைப் பிளந்து கேட்டாள். மீட்டிங் முடிந்து வந்த மனைவியும் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்குள் ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கினேன், 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 மட்டும். பத்து வருஷத்துக்கு மேல் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பார்க்காத இயந்திரத்தை வீட்டின் மற்ற கம்ப்யூட்டர்களோடு ஒரே கூடத்தில் விடக் கூடாது. பேங்க் வேலை எதையும் அதில் செய்யக் கூடாது என்று பெரியப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "பேங்க்குக்கு நான் நேர்லதான் போவேன், அங்க ஏசி நல்லா இருக்கும்" என்றார்.

இப்போது கடவுச்சொல்லைச் சரியாகக் கேட்டது. இரண்டு தடவை அடித்தேன், ஏற்றுக்கொண்டது, இணையவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் நோட்பேடைத் திறந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அடித்தால், நடுநடுவே எண்கள் விழுந்தன. ஜே அடித்தால் 1, கே அடித்தால் 2, எல் அடித்தால் 3.

"அடடா, நம்பர் லாக்!" என்றார் பெரியப்பா. "காலையில பென்ஷன் கணக்கு போட்டேன். எழுதறதுக்கு முன்னாடி எடுத்துடுவேன், இன்னிக்கு எழுதலியே."

நம்பர் லாக்கை எடுத்து, நோட்பேடில் அடித்ததை நகலெடுத்து ஒட்டினோம். இணைந்தது. யாரோ முன்பு ஒரு காலத்தில் கையால் போட்டுவைத்திருந்த ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பின் கதவிலக்கத்தை, எடுத்துவிட்டு ரூட்டரிடமிருந்து தானாக வாங்கிக்கொள்ளச் சொன்னதும் இணையமும் வந்தது. 54 மெகாபிட் என்று பெருமையாகக் காட்டியது. 802.11ஜி-யில் கைக்கு வருவது அதில் பாதிகூடத் தேறாது, ஆனால் கிணற்றுக் கதை அனுப்ப அது தாராளம். மகள் உடனே, "தாத்தா லேப்டாப் வந்ததிலேருந்து என் வீடியோ சுத்துது" என்று புகார் கொடுத்தாள். அவள் ஃபோன் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸில். தாத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தள்ளுபடி.

இனி மெயில்தானே என்று நினைத்தால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அந்தத் தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்றது. திரையின் ஓரத்தில் தேதி: 2003 ஜனவரி 1. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் நாணய அளவு பேட்டரியும் செத்திருக்கிறது. அந்தத் தேதியில் நின்று பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை. இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யச் சொன்னால், தேதி ரொம்பத் தள்ளி இருக்கிறது, பாதுகாப்புக் கருதி முடியாது என்று மறுத்துவிட்டது. கையால்தான் மாற்ற வேண்டும், அதுவும் சார்ஜரைப் பிடுங்கும்போதெல்லாம்.

"நான் எழுதறது அந்தக் காலத்துக் கதைதானே, தேதி எதுக்குடா?"

தேதி மாறியதும், உள்ளே இருந்த பழைய பிரவுசருக்கு இன்றைய குறியாக்கம் புரியவில்லை. எக்ஸ்பியில் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52. அதற்கும் 2018-ஓடு திருத்தங்கள் நின்றுவிட்டன. என் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். மெயில் பக்கம் எலும்பும் தோலுமாக வந்தது. கோப்பு இணைக்கும் பொத்தான் இருந்தது, அது போதும்.

மூன்றாம் அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. அத்தையிடமிருந்து உடனே ஃபோன். "என்னண்ணா, இங்கிலீஷ்ல கன்னாபின்னான்னு அனுப்பியிருக்க?"

பெரியப்பா எழுதுவது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். முழு அத்தியாயமும் அப்படியே அத்தையின் ஃபோனில் இறங்கியிருந்தது. எந்த ஃபோனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு, ஒரு மாற்றியில் போட்டு எடுத்தோம். பெரியப்பா திரைக்கு மிக அருகே உட்கார்ந்து, ஒரு கொம்புகூடக் காணாமல் போகவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மறுபடி அனுப்ப விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அண்ணா, இப்ப நல்லாத் தெரியுது. ஆனா அன்னிக்குக் கிணத்துல விழுந்தது நீ. குதிச்சது யாருன்னு நான் எழுதி அனுப்பட்டுமா?"

மகள் தாத்தாவைப் பார்த்தாள். பெரியப்பா லேப்டாப்பின் முன்விளிம்பில் கைவைத்து, பசை துடைத்த அந்த ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தார்.