அமெரிக்காவில் சர்ச் ஆர்கன் பரீட்சை வாசித்த கதை

நான் இந்தப் பரீட்சையில் தேறிய செய்தி ஊருக்குப் போனதும் சபைப் பாடகர் குழுவான கொயர் ஆட்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "டிரினிட்டி கிரேடு மாதிரியா?" லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைப் பரீட்சையைச் சொல்கிறார்கள். அவ்வளவாக இல்லை. டிரினிட்டியில் மூன்று உருப்படி நன்றாக வாசித்து, ஸ்கேல் பிசகாமல் போட்டால் பெரும்பாலும் கரையேறிவிடலாம். இங்கே பார்ப்பது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நம்பி இவள் கையில் விடலாமா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் பெயரே 'சர்வீஸ் பிளேயிங் சர்டிஃபிகேட்'.

நடத்துவது அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், சுருக்கமாக ஏஜிஓ. 1896இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம். ஆர்கன் வாசிப்பவர்களும் கொயர் நடத்துபவர்களும் உறுப்பினர்கள். நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. கிளைத் தலைவரை 'டீன்' என்பார்கள். முதலில் கேட்டபோது ஏதோ கல்லூரி டீன் என்று நினைத்துப் பயபக்தியோடு நின்றேன். அந்த அம்மாவோ ஒரு சின்ன சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைத்தவரும் அவரே.

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபையில் அப்பா கொயர் மாஸ்டர். காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கனில் பாமாலை, அதாவது சபையார் சேர்ந்து பாடும் பாட்டுகள், வாசித்து வளர்ந்தவள் நான். பிறகு சபைக்கு எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது. இங்கே வேலைக்குப் போகும் வழியில் ஒரு சர்ச் வாசலில், ஏஜிஓ கிளை ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பிறந்தநாளுக்கு நடத்தும் கச்சேரி என்று போர்டு பார்த்து உள்ளே போனேன். மார்ச் 21 பாக் பிறந்தநாள். பல கிளைகள் அதையொட்டி ஏதாவது செய்வது வழக்கம். ஒருவர் மாற்றி ஒருவராக வந்து ஆளுக்கொரு பாட்டு வாசித்தார்கள். பெரிய வித்வான்களும் இருந்தார்கள், தப்புத் தப்பாக வாசித்த பல் டாக்டரும் இருந்தார். எல்லாருக்கும் ஒரே கைதட்டல். அந்த இடத்தில்தான் சேரலாம் என்று தோன்றியது.

சேர்ந்த பிறகு புரிந்தது, இது பரீட்சைக்கான சங்கம் மட்டும் இல்லை. 'ஆர்கன் க்ரால்' என்று ஒரு நாள் முழுக்க நான்கைந்து சர்ச்சுகளுக்குப் போய் ஒவ்வொரு ஆர்கனையும் தொட்டுப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு பீட்சா வாங்கிக் கொடுத்து பெடல் மிதிக்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வழக்கமான ஆர்கனிஸ்ட் லீவு போட்டால் யாரைக் கூப்பிடலாம் என்று சபைகளுக்குக் கொடுக்க ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். என் கண் அந்தப் பட்டியலில்தான். "சான்றிதழ் கட்டாயம் இல்லை, ஆனால் படிக்கும் சாக்கில் ஒழுங்காகக் கற்றுக்கொள்வாய்" என்றார் டீன்.

பரீட்சையில் இருப்பவை: ஆர்கனுக்கென்றே எழுதிய மூன்று உருப்படிகள், சபை பாடுவதற்கு வாசிப்பதுபோல் இரண்டு பாமாலைப் பாட்டு, பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம், கொயர் பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம், பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, சுருதி மாற்றி வாசிப்பது. இதற்கு மேல் கலீக், அசோசியேட், ஃபெலோ என்று படிகள் போகின்றன. இது அடிப்படி.

எனக்கு முதல் தகராறு கால்களோடு. ஊரில் கால்களுக்கு ஒரே வேலை, காற்றடிப்பது. இங்கே காற்றை மோட்டார் பார்த்துக்கொள்ளும். கால்கள் சுரம் வாசிக்க வேண்டும். அமெரிக்க அளவுப்படி பெடல் வரிசையில் 32 கட்டைகள், விசிறிபோல் விரிந்து, நடுவில் கொஞ்சம் குழிந்து இருக்கும். அதற்கென்று மெல்லிய தோல் அடியும் குட்டி ஹீலும் வைத்த ஷூ. கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தால் அப்பத்தா முறைக்கும் ஊரில் பிறந்துவிட்டு, ஆலயத்தில் போடவென்றே தனியாக ஷூ வாங்கினேன்.

கால்களை விட மோசம் இடது கை. நாம் பாமாலையை நான்கு குரலாக வாசிக்கும்போது வலது கையில் மேல் குரல்களான சோப்ரானோவும் ஆல்டோவும், இடது கையில் கீழ்க் குரல்களான டெனரும் பேஸும். பெடல் ஆர்கனில் பேஸ் காலுக்குப் போய்விடும். இடது கைக்கு டெனர் மட்டும். கேட்க எளிது. ஆனால் இத்தனை வருஷம் பேஸ் பிடித்த சுண்டு விரல் சும்மா இருக்காது. கால் என்ன மிதிக்கிறதோ அதையே தானும் போய் அழுத்தும். என் ஆசிரியர் வலது கையைத் தொடவே விடாமல், இடது கையும் காலும் மட்டும் வைத்து வாரக்கணக்கில் வாசிக்க வைத்தார். எரிச்சலான பயிற்சி, ஆனால் இதற்கு வேறு மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்கு இடம் கிடைப்பது அடுத்த பாடு. வீட்டில் பைப் ஆர்கனா வைக்க முடியும்? இங்கேதான் கிளை கைகொடுத்தது. உறுப்பினர் ஒருவர் தன் சபையில் பேசி ஒரு சாவி வாங்கிக் கொடுத்தார். வார நாட்களில் ஹீட்டர் குறைத்து வைத்திருப்பார்கள். கோட்டைக் கழற்றாமல்தான் உட்காருவேன். குளிரில் புல்லாங்குழல் மாதிரி ஊதும் குழாய்களின் சுருதி இறங்கும். நாக்கு வைத்த ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு இறங்காது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் பல் கூசும். ரீட் குழாய்களை ஒலிக்க வைக்கும் டிரம்பெட் ஸ்டாப் என்ற பிடியின் பக்கமே போகாமல் குளிர்காலத்தைக் கழித்தேன்.

இனி பாமாலை. பரீட்சையிலேயே சுலபமானது இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் நடுவம். பியானோவில் ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் விரலை ஓங்கலாம். ஆர்கனில் எவ்வளவு ஓங்கினாலும் ஒரே சத்தம். அழுத்தம் காட்ட இருக்கும் முக்கிய வழி, முந்தைய சுரத்தைக் கொஞ்சம் முன்னதாக விட்டு ஒரு நூலிழை மௌனம் கொடுப்பது. மெட்டில் ஒரே சுரம் திரும்பி வந்தால் விட்டுப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சபைக்குத் தாளமே தெரியாது. உள்குரல்களில் அதே மாதிரி வந்தால் சேர்த்துப் பிடிக்கலாம். வரி முடிவில் மூச்சு. ஆனால் வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடினால் அங்கே மூச்சு விடக் கூடாது. அதனால் வார்த்தைகளைப் படித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். அப்பா போனில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதத்தானட்டி நான் சின்னதுலேருந்து சொல்லுதேன்? சனம் மூச்சு விடுத எடத்துல நீயும் விடு. ஆனா அதுக்காகத் தாளத்த விட்ராத."

அங்கும் இங்கும் மெட்டுகளுக்கு அதே பெயர்கள் என்பது பெரிய ஆறுதல். செயின்ட் ஆன் என்றால் பாளையங்கோட்டையிலும் அதே செயின்ட் ஆன்தான். 1708இல் அச்சான மெட்டு. ஆங்கில வரிகள் வாயில் வராவிட்டாலும் கைக்கு மெட்டு தெரியும். சங்கீதத்துக்கு ஆங்கிலிக்கன் சாண்ட் எடுத்துக்கொண்டேன். ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்தை) பிடித்தபடி வசனத்தைப் பேச்சு வேகத்தில் ஓடவிட்டு, கடைசி வார்த்தைகளில் மட்டும் கார்டு மாற்றும் முறை. ஊரில் காதில் விழுந்து பழகியதால், அமெரிக்க நண்பர்கள் தடுமாறிய இடத்தில் எனக்கு வேலை குறைவு.

எல்லாரும் பயமுறுத்தியது சுருதி மாற்றத்தை. பாமாலைப் பாட்டு ஒன்றை, அச்சில் இருப்பதைவிட அதிகபட்சம் ஒரு முழுச்சுரம் ஏற்றியோ இறக்கியோ, பார்த்தபடியே வாசிக்க வேண்டும். இன்று நம் சபைகளில் பெரும்பாலும் இதற்குக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. 'ரெண்டு கொறச்சுக்கோ' என்றால் பட்டனைத் தட்டிவிட்டு அதே விரலில் வாசிப்போம். பட்டன் வந்ததில் நமக்கு நஷ்டம் என்றே சொல்வேன். என்னைக் காப்பாற்றியது அதற்கும் முந்தைய படிப்பு. அப்பாவின் கொயரில் ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தவர்கள் குறைவு. டோ, ரே, மீ என்று எழுத்தால் சுரம் குறிக்கும் டோனிக் சோல்ஃபாவில்தான் நான்கு குரலும் எழுதிக் கொடுப்பார். இங்கிலாந்தில் சேரா குளோவர் உருவாக்கியதை ஜான் கர்வென் பரப்பிய முறை; மிஷனரிகள் வழியே நம் பக்கம் வந்து வேரூன்றியது. அதில் 'டோ' எந்த சுருதியிலும் உட்காரும். அச்சில் இருப்பது ஜி, வாசிக்க வேண்டியது எஃப் என்று கணக்குப் போடாமல், இது ஸோ, இது மீ, அடுத்தது ஃபா என்று மனதுக்குள் பாடிக்கொண்டே புதிய இடத்தில் விரலை வைத்தேன். ஆசிரியர் ஆச்சரியப்பட்டு, எங்கே படித்தாய் என்று கேட்டார். பனங்காட்டு நடுவில் ஒரு கிராமத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில், பாதிப் பேர் பீடி சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்த கொயர் பிராக்டிஸில் என்று சொன்னேன்.

பார்த்ததும் வாசிப்பதற்குக் குறுக்கு வழி கிடையாது. தினமும் புதிதாக ஏதாவது ஒன்றை மெதுவாக, நிற்காமல் வாசித்தேன். அவ்வளவுதான்.

பரீட்சை அன்று எனக்கு விநோதமாக இருந்தது, பாட ஆளில்லாத சர்ச். கேட்பவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்க, இல்லாத சபைக்கு நான் முன்வாசிப்பு கொடுத்து, வரிக்கு வரி மூச்சு விட்டு, இரண்டு பாட்டும் வாசித்தேன். யாரும் பாடாதபோது வேகம் தானாக ஏறும்; அதனால் உதட்டசைத்து நானே பாடிக்கொண்டேன். உருப்படிகளில் பாக் கை நடுங்காமல் போனது. கொயர் பாட்டில் பாக் காலத்து இசையமைப்பாளர் ஹேண்டலுடையது ஒன்று. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதைப் பியானோவுக்குச் சுருக்கிய பிரதியை, ஆர்கனுக்கு ஏற்ற மாதிரி இன்னும் சில சுரங்களை உதிர்த்து வாசிக்க வேண்டும். எதை விடலாம் என்று தெரிவதற்குத்தான் மார்க் என்று நினைக்கிறேன்.

முடிவு தேறியதாக வந்தது. பட்டியலில் பெயர் ஏறியது, இப்போது அவ்வப்போது அழைப்பு வருகிறது. பெரும்பாலும் அடக்க ஆராதனைகள், கோடையில் லீவு போட்டவர்களுக்குப் பதில் வேலை. அடுத்தது கலீக் பரீட்சை. அதில் மெட்டைக் கொடுத்து ஹார்மனி அமைக்கச் சொல்வார்கள்.

ஊரிலிருந்து வந்து இங்கே ஆர்கன் பக்கம் எட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: முதலிலேயே ஷூ வாங்க வேண்டாம், சாக்ஸோடு கொஞ்ச நாள் பழகலாம். அருகில் இருக்கும் கிளை யார் என்று தேடி, அடுத்த கூட்டத்துக்கு நேரே போங்கள். பலதில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் சாப்பாடு இருக்கும். நான் கொண்டுபோன எலுமிச்சை சாதப் பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வந்தது. டீன் அடுத்த முறைக்கும் அதையே கேட்டிருக்கிறார்.