ஒரே எஞ்சின், மூன்று பந்தயங்கள்: உடும்பன்தீவு இதுவரை

மார்கழி மழையில் தொடங்கிய மர வாகன மாதிரி வேலை. இப்போது கச்சான் வீசத் தொடங்கிவிட்டது, இன்னும் படகு முடியவில்லை. ஆனால் விமானம் மிதக்கிறது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உடும்பன்தீவு என் கற்பனைத் தீவு. காலம் 1930கள். அங்கே மனிதர் இல்லை. மானும் உடும்பும் நீர்நாயும் தோல் தொப்பி போட்டு வானத்திலும் கடலிலும் தரையிலும் பந்தயம் ஓடுகின்றன. வாகனங்களை 24இல் ஒரு பங்கு அளவில் முள்முருக்கு மரத்தில் செதுக்குகிறேன். மருமகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்கடதாசி தேய்ப்பான்.

மூன்று பந்தயத்துக்கும் தீவில் ஒரே ஒரு எஞ்சின்தான். இது நான் சும்மா யோசித்ததல்ல. ரோல்ஸ் ரொய்ஸ் 'ஆர்' என்ற 12 சிலிண்டர் எஞ்சின், சுமார் 37 லீற்றர் கொள்ளளவு. 1931இல் சுப்பர்மரீன் எஸ்.6பி கடல் விமானத்தை மணிக்கு 655 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோனது அதுதான். 'மிஸ் இங்கிலண்ட்' படகுகள் நீரில் சாதனை வைத்ததும் அதே வகை எஞ்சினால்தான். 1935இல் மல்கம் கம்பெல் 'புளூ பேர்ட்' காரில் மணிக்கு 300 மைலைத் தாண்டியபோதும் உள்ளே இருந்தது அதுவே. வான், நீர், நிலம் மூன்றையும் ஒரு எஞ்சின் ஆண்ட காலம்! அதனால் நானும் உடைந்த விளையாட்டுக் காரில் இருந்து ஒரு மோட்டாரைக் கழற்றினேன். மூன்று வாகனத்திலும் அதையே மாற்றி மாற்றிப் பூட்டுவது என்று முடிவு.

விமானத்துக்கு எஸ்.6பிதான் முன்மாதிரி. இறக்கை நீளம் 38 சென்ரிமீற்றர், கீழே இரண்டு மிதவைகள். விமானி யார் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. எங்கள் திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டைக்குள் போனால் புள்ளிமான்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து நடக்கும். சின்ன வயதில் இருந்து பார்த்த முகம். முதலில் கொம்புள்ள கிடாயைத்தான் செதுக்கினேன். திறந்த இருக்கையில் உட்கார வைத்தால் கொம்பு காற்றுக்கு எதிரே விரித்த குடை மாதிரி நின்றது, அந்த வேகத்துக்கு அது சரிவராது. பிணைமானுக்குக் கொம்பு இல்லை. ஆக, எங்கள் விமானி ஒரு பெண். காதுகளைப் பின்னால் மடித்துக் கண்ணாடிப் பட்டிக்குள் விட்டேன். இப்போது அவளைத் தவிர வேறு யாரையும் அந்த இருக்கையில் நினைக்க முடியவில்லை.

கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கிண்ணப் போட்டியில் அந்தக் காலத்தில் பறப்பதற்கு முன்பு தண்ணீர்ச் சோதனையும் இருந்தது. விமானம் நங்கூரத்தில் 6 மணி நேரம் மிதக்க வேண்டியிருந்தது. தீவிலும் அதே விதி. குளிக்கிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, நூலில் கட்டி, காலை எட்டு மணிக்கு விட்டேன். நாலாவது மணியில் இடது மிதவையின் பின்பக்கம் அமிழத் தொடங்கியது. வார்னிஷ் இரண்டு பூச்சு போதவில்லை, முருக்கு மரம் தண்ணீரைக் குடித்துவிட்டது. ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, எபொக்சி பூசி, மறுபடி விட்டேன். ஆறு மணியும் தாண்டியது. மருமகன் கடைசி அரை மணித்தியாலம் பேசினை விட்டு எழும்பவே இல்லை.

அப்புறம் மோட்டாரைப் பூட்டினேன். பற்றரி வெளியே, மெல்லிய வயர் மட்டும் உள்ளே. சுழலி சுழன்றதும் விமானம் முன்னே போகாமல் இடது மிதவையை அமுக்கிக்கொண்டு வட்டம் போட்டது. வயரை மாற்றிக் கொடுத்தேன். சுழலி எதிர்ப்பக்கம் சுழல, வலது மிதவை அமிழ்ந்தது. ஆக, மிதவையில் பிழை இல்லை. சுழலி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். வயரைப் பழையபடி மாற்றினேன். கடலுக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வள்ளம் சாய்ஞ்சா மற்றப் பக்கம்தானே பாரம் ஏத்துவம். வலப்பக்கம் கொஞ்சம் ஈயத்தைப் போட்டுப் பாரும்."

வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு அவரே தந்தார். வலது மிதவைக்குள் 12 கிராம் வைத்தேன். நிற்கும்போது கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறது, மோட்டார் ஓடினால் நேராக நிமிர்ந்து பேசினின் அந்தக் கரைவரை போகிறது. அசல் எஸ்.6பியிலும் எரிபொருள் மிதவைகளுக்குள்தான் இருந்தது. இதே சாய்வைச் சரிக்கட்ட வலது மிதவையில் கூடுதலாக நிரப்பினார்கள். இதைப் படித்த அன்று இரவே போய் அண்ணையிடம் சொன்னேன்.

காரின் கதை சுருக்கம். ஓட்டுவது உடும்பு, ஸ்டியரிங்குக்கு உடும்புப்பிடி வேண்டுமல்லவா. வாலை விட இருக்கைக்குப் பின்னால் ஒரு துளை. பக்கத்தில் மெக்கானிக்காக அணில். பழைய பந்தயக் கார்களில் மெக்கானிக்கும் கூட உட்கார்ந்து போவார், கையால் பம்ப் அடிப்பார். கம்பெல் 300 மைல் ஓடியது அமெரிக்காவின் பொன்வில் உப்பு வெளியில். எனக்கு உடனே நிலாவெளி உப்பளம் ஞாபகம் வந்தது. பசை பூசி உண்மையான உப்பையே தூவினேன். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து முழுப் பாதையும் கசிந்துவிட்டது. இப்போது முட்டைக்கோதை இடித்துத் தூவியிருக்கிறேன், பார்வைக்கு உப்பேதான்.

மிச்சம் நீர்நாயின் படகு. அடிப்பக்கத்தில் படி வெட்டாவிட்டால் அது தண்ணீரை உழுதுகொண்டு போகுமே தவிர மேலே எழும்பாது. பாதி வெட்டியாகிவிட்டது. கச்சானில் பூச்சு தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது, அதனால் விடியற்காலையில்தான் பெயின்ற் வேலை. முடிந்ததும் மோட்டாரை மானிடம் இருந்து வாங்கி நீர்நாயிடம் கொடுத்து, அலையில்லாத ஒரு காலையில் உட்துறைமுகக் கரையில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பின்னால் தெரிகிற சீனன்குடாவில் போர்க்காலத்தில் கற்றலினா கடல் விமானங்கள் இறங்கின. அந்தத் தண்ணீரே போதும்.