படுக்கை விரிப்பும் மிதிவண்டியும்

விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தை, பல்லடத்தில் தறிச் சத்தம் ஓய்ந்திருந்த ஞாயிறு இரவொன்றில் அப்பாவுடன் மீண்டும் பார்த்தேன். சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு மிதிவண்டி கட்டாயம் என்பதால், அடகில் கிடக்கும் வண்டியை மீட்க நாயகனின் மனைவி மரியா, வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்; அந்த மூட்டையை ஊழியர் ஏற்றி வைக்கும் அடுக்கில் இன்னும் எத்தனையோ வீடுகளின் மூட்டைகள் உயர உயரக் குவிந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டிய அப்பா, “நம்மூட்டு அண்டாவ வெச்ச மாதிரியே இருக்குது கண்ணு” என்றார். நாயகனாக நடித்த லாம்பெர்ட்டோ மஜோரானி உண்மையிலேயே ஆலைத் தொழிலாளி என்று நான் சொன்னபோது அவர் வியக்கவில்லை, நடையிலேயே தெரிகிறதாம்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011) இதைவிட நுட்பமானது என்பதே என் கருத்து, ஆனால் அப்பா பாதியில் உறங்கிவிட்டார்.

யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953), பார்க்க வந்த பெற்றோரைப் பிள்ளைகள் வெந்நீர் ஊற்றுள்ள அடாமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கோவையில் வேலை பார்க்கும் நான் அதை இன்னும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை.