நாலு இருபது பதினாலு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர். ஆல்பேட்டை செக்போஸ்ட், பெண்ணையாற்றுப் பாலம், அப்புறம் முள்ளோடை. முள்ளோடை வந்ததும் வரிசையாக மதுக்கடைப் பலகைகள் ஆரம்பிக்கும். யாரும் சொல்லாமலே மாநிலம் மாறிவிட்டது தெரியும். 1954 நவம்பர் 1 வரை அது மாநில எல்லை இல்லை, தேச எல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தக் கோடையில் நானும் வெளிநாடு போய் மொழி படித்துவிட்டு வந்தவள்தான். சனிக்கிழமை ஆனால் அழுக்குத் துணியைப் பையில் அடைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்பது மட்டும் கொஞ்சம் இடிக்கும்.

மேல்படிப்புக்குப் பிரான்ஸ் பக்கம் போகலாமா என்று ஓர் எண்ணம். மே முதல் வாரத்திலிருந்து ஜூலை நடுவரை பிரெஞ்சு வகுப்பு. முத்தியால்பேட்டையில் பெரியம்மா வீடு இருப்பதால் தங்குவதற்குச் செலவில்லை. செலவுக்குப் பதிலாகக் காலையில் வாசல் தெளிக்க வேண்டும், மாலையில் மொட்டைமாடி வடகத்தைக் காக்காயிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

ஒன்பது மணி வகுப்புக்கு எட்டரைக்கு சைக்கிளை எடுப்பேன். மகாத்மா காந்தி வீதியில் இறங்கி, படேல் சாலையைக் கடந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டினால் சுவரெல்லாம் மஞ்சளாகிவிடும், தெருவுக்கு 'ரூ' என்று பெயர் வந்துவிடும். மே மாதத்தில் அந்த மஞ்சள் சுவர்கள் ஒன்பது மணிக்கே அடுப்பாகக் காயும். ஒரு மணிக்கு வகுப்பு விட்டால் வழியில் ஒரு பேனா ரீஃபில் வாங்க முடியாது. மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிற வழக்கத்தைப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனானா, வெயில் கற்றுக்கொடுத்ததா தெரியாது. நானும் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இரண்டாவது வாரம் டிக்டேஷன். டீச்சர் போன் நம்பர் சொல்வார், எழுத வேண்டும். பிரெஞ்சில் பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாக, ஐந்து ஜோடியாகச் சொல்வார்கள். நம்முடைய செல்போன் எண்ணையே எடுத்துக்கொண்டார்: 94 என்று ஆரம்பம். பிரெஞ்சில் எண்பதுக்குத் தனிச் சொல் கிடையாது. 'கத்ர் வேன்', அதாவது நாலு இருபது. தொண்ணூற்று நான்கு 'கத்ர் வேன் கத்தோர்ஸ்', நாலு இருபதும் ஒரு பதினாலும். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் 4 எழுதி, 20 எழுதி, 14 எழுதியிருந்தேன். பத்து இலக்க எண் என் நோட்டில் பதினாறு இலக்கமாக நின்றது. பக்கத்து பெஞ்சுப் பையன் எட்டிப் பார்த்து, "இது ஏடிஎம் கார்டு நம்பரா?" என்றான். அதன்பிறகு நம்பர் பிளேட்டுகளோடு வாழ்ந்தேன். பி.ஒய் 01 வண்டிகளும் டி.என் 31 வண்டிகளும் போகிற வரிசையில் நான்கு இலக்கத்தை இரண்டாகப் பிரித்து முணுமுணுத்தபடியே சைக்கிள் மிதிப்பேன். எழுபதுக்கு மேல் வந்தால் பிரேக் போட்டுவிட வேண்டியதுதான்.

ஜூன் முதல் வாரம் பெரியம்மா வீட்டு மாடிக்கு ஆள் வந்தது. லியோன் ஊர்ப் பெண். பாரீஸில் இனால்கோ என்று கீழ்த்திசை மொழிகளுக்கான கல்வி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு வருஷம் தமிழ் படித்துவிட்டு, ஆறு வாரக் கோடை வகுப்புக்காக வந்திருந்தாள். நான் பிரெஞ்சு படிக்க அவள் தேசத்துக்குப் போக ஆசைப்படுகிறேன், அவள் தமிழ் படிக்க என் பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடமாகச் சொன்னாள்: "வணக்கம். நான் மாடியில் தங்கப் போகிறேன். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கறேம்மா. சாப்ட்டியா?" என்றாள். சமையலறைக்குள் வந்து மெதுவாக, "ரேடியோ கணக்கா பேசுதுடி" என்றாள். அன்றைக்கே அவள் பெயர் போய் மாடிப்பொண்ணு ஆகிவிட்டாள்.

அவள் படித்த தமிழுக்கும் எங்கள் வீட்டுத் தமிழுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அதற்கு முன் நான் அளந்து பார்த்ததில்லை. வகுப்பில் 'வந்துகொண்டிருக்கிறேன்' எழுத்துத் தமிழ், 'வந்துகிட்டிருக்கேன்' பேச்சுத் தமிழ் என்று இரண்டையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா ஸ்பீடாக, "வந்துகினே இருக்கான், அதுக்குள்ள என்னா அவசரம்" என்கிறாள். மாடிப்பொண்ணு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கினு யார்?" ஆள் பெயர் என்று நினைத்துவிட்டாள். 'கொண்டு' தேய்ந்து 'கினு' ஆன கதையை அடுப்பங்கரையில் நின்று அவளுக்குச் சொல்லும்போதுதான், நானும் கடலூரில் அப்படித்தான் பேசுகிறேன், கல்லூரியில் சென்னைப் பிள்ளைகள் முன்னால் மட்டும் 'கிட்டு'வுக்கு மாறிக்கொள்கிறேன் என்று உறைத்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காலை ஏழரை வரை நடக்கிறவர்களுக்கு மட்டும்தான். காந்தி சிலைக்குத் தெற்கே கருங்கல் மேல் உட்கார்ந்து அரை மணி தமிழ், அரை மணி பிரெஞ்சு என்று ஒப்பந்தம். என்னுடைய பெரிய பிரச்சினை மூக்கொலி. 'பொன்ஜூர்' என்பதில் 'ன்' வரக்கூடாதாம். நாக்கு மேலே படாமல், உயிரெழுத்தை மூக்கு வழியாக விட வேண்டுமாம். டீச்சர் ஒரு மாதமாகச் சொல்லியும் என் நாக்கு போய் ஒட்டிக்கொண்டே இருந்தது.

மாடிப்பொண்ணு ஒரு நாள் சிரித்துவிட்டு, "மரம் சொல்லு" என்றாள்.

"மரம்."

"அப்படி இல்லை. பெரியம்மாகிட்ட பேசுற மாதிரி. 'மரம் விழுந்துடுச்சு' சொல்லு."

சொன்னேன். உதடு ஒட்டவே இல்லை. 'ம்' என்று எழுதுகிறோமே தவிர, வாயில் வருவது மூக்கால் இழுத்த ஓர் ஓகாரம். பொன்ஜூரின் முதல் எழுத்து அப்படியே இருக்கிறது. 'அவன்' என்று வேகமாகச் சொன்னால் கடைசியில் ஒயினுக்கான பிரெஞ்சுச் சொல் கேட்கிறது. 'வந்தான்' என்பதன் முடிவில் நூறுக்கான சொல்லில் வரும் மூக்கொலி. பிரெஞ்சுக்காரர்கள் புத்தகம் போட்டுச் சொல்லித்தருகிற மூன்று மூக்கொலிகளும் என் வாயிலேயே இருந்திருக்கின்றன. அவளுக்கு அது பாரீஸில் முதல் வருஷப் பாடமாம். மறுநாள் வகுப்பில் மனசுக்குள் 'மரம் விழுந்துடுச்சு' சொல்லிவிட்டு டீச்சருக்கு பொன்ஜூர் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அது போதும்.

நாலு இருபதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டபோது மட்டும் அவளிடம் அனுதாபம் கிடைக்கவில்லை. "உங்க ஒன்பதுல ஏன் பத்து இருக்கு? தொண்ணூறுல ஏன் நூறு இருக்கு? தொள்ளாயிரத்துல ஆயிரம் என்ன பண்ணுது?" என்று விரலை மடக்கினாள். என்னிடம் பதில் இல்லை. சுண்டல் வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

ழகரம் ஒரு தனிக் கதை. எங்கள் வீட்டில் ழ சரியாகச் சொல்வது அவள் ஒருத்திதான். பெரியம்மாவுக்கு வாளப்பளம், மளை, கோளி. இதைக் கவனித்து மாடிப்பொண்ணு தனக்கென்று ஒரு விதி எழுதி வைத்திருந்தாள்: இந்த வீட்டில் ள என்றால் அது ழ. ஜூன் 14ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. அதுவரை பைபர் படகில் வரும் கொஞ்ச மீனுக்கு வஞ்சிரம் விலை சொன்னவர்கள் இறங்கி வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. பெரிய மார்க்கெட்டுக்கு நாங்கள் இருவரும் கிளம்ப, வாசலிலிருந்து பெரியம்மா, "வாளை கெடச்சா வாங்கியாங்க" என்று குரல் கொடுத்தாள். நான் சைக்கிளைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அவள் தானாக மார்க்கெட்டுக்குள் நுழைந்து, பேரம் பேசி, பெருமையாக வந்து நின்றாள். பையில் எட்டு வாழைக்காய்.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆனால் அவளிடம் கோபமெல்லாம் இல்லை. வாழைக்காயை வட்டமாக நறுக்கி, மீனுக்கு அரைத்து வைத்த மிளகாய் மசாலாவையே தடவித் தோசைக்கல்லில் போட்டாள். மாடிப்பொண்ணு நோட்டில் புதுவிதி சேர்த்தாள்: 'ள என்றால் ழ. மீன் கடை தவிர.'

வெட்டிவேர் விஷயமும் சொல்ல வேண்டும். மண்பானைத் தண்ணீரில் பெரியம்மா ஒரு கட்டு போட்டு வைப்பாள். மாடிப்பொண்ணு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "வெத்திவேர்!" என்றாள். அதற்குப் பிரெஞ்சில் வேறு பெயரே கிடையாதாம், நம்முடைய சொல்தான். அவள் அப்பா போடும் சென்டின் வாசனையாம். "அப்பனை மாதிரி மணக்குதுன்னு சொல்லுது, குடிக்கவா வேணாமா?" என்றாள் பெரியம்மா.

எதிர்வீட்டுக் கதவு என்றேனே, அது சொல்தா தாத்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரியில் சொல்தா என்றே பெயர். 1962இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள்; இவர் குடும்பம் எழுதிக்கொடுத்தது. தன் தெருவுக்கு ஒரு பிரெஞ்சுக்காரி வந்திருக்கிறாள் என்று தாத்தாவுக்குச் சந்தோஷம், தினமும் பிரெஞ்சில் பேச்சுக் கொடுப்பார். அவள் பிடிவாதமாகத் தமிழில்தான் பதில் சொல்வாள். நடுவில் நான். இரண்டு பக்கமும் எனக்கு லாபம். ஒருமுறை தெரியாமல் அவரைப் பார்த்து 'த்யூ' என்றுவிட்டேன், அதாவது 'நீ'. தாத்தா கைத்தடியைத் தரையில் தட்டி, "உங்க ஊர்ல பெரியவங்கள நீன்னுதான் கூப்புடுவாங்களா?" என்று தமிழில் கேட்டார்.

ஜூலை முதல் ஞாயிறு அவளைக் கடலூருக்கு அழைத்துப்போனேன். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைக் காட்டினேன். 1690இல் ஆங்கிலேயர் வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. "1758இல் உங்க ஆளுங்க இடிச்சுட்டாங்க" என்றேன். "1761இல் அவங்க வந்து பாண்டிச்சேரியை இடிச்சுட்டாங்க" என்றாள். சரி, கணக்கு நேர்.

கோட்டை அவளுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவளை நிறுத்தியது வேறு ஒன்று. வண்டிப்பாளையம் பக்கம் ஷேர் ஆட்டோவில் போகும்போது ஒரு பலகை: கரையேறவிட்டகுப்பம். இந்தப் பெயரைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து கரை ஏறிய இடம் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். எனக்கு அது பஸ் நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். மாடிப்பொண்ணு வாய்க்குள் பிரித்தாள்: கரை, ஏற, விட்ட, குப்பம். "பெயரெச்சம்!" என்று கத்தினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். இதைப் பிரெஞ்சில் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும், இங்கே ஒரு ஊருக்கே பெயராக வைத்திருக்கிறீர்கள் என்று அன்று வீடு போகும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா செய்த கோழிக்குழம்பைக்கூட இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது அந்தப் பெயரெச்சம்.

ஜூலை 13 இரவு விளக்கு ஊர்வலம். மறுநாள் பிரெஞ்சு தேசிய நாள். தாத்தா கோட்டு மாட்டி, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மதியம் மூன்று மணியிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தார். மாடிப்பொண்ணுக்கு இதில் கொஞ்சம் கூச்சம், ஊரிலேயே இதற்கெல்லாம் போனதில்லையாம். தாத்தா விடவில்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனவள் அவள்தான். பாட்டு வந்தபோது அவர் சத்தமாகப் பாடினார். அவளுக்கு இரண்டாம் சரணம் தெரியவில்லை.

15ஆம் தேதி அதிகாலை டாக்சி வந்தது. பெரியம்மா ஒரு கட்டு வெட்டிவேரும் ஒரு பொட்டலம் வடகமும் கொடுத்தாள். வடகத்தை ஏர்போர்ட்டில் என்ன சொல்லிக் கொண்டுபோனாள் என்று இன்னும் கேட்கவில்லை.

16ஆம் தேதி எனக்குத் தேர்வு. கேட்டு எழுதும் பகுதியில் ஒரு பல் டாக்டர் வீட்டுப் போன் நம்பர். முதல் ஜோடி, இரண்டாவது, மூன்றாவது சரியாகவே போனது. நான்காவது 'கத்ர் வேன் கத்தோர்ஸ்'. பேனா தானாக நிற்க, அந்தப் பையனின் ஏடிஎம் கார்டு ஞாபகம் வந்து, நிதானமாக 94 என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு நொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நொடியில் ஐந்தாவது ஜோடி போய்விட்டது.